கழற்றி வைப்பவர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய அண்ணன்மார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் சிஸ்டம் சார். இங்கேயும் சார் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் அங்கே பில்லிங் கவுன்டரில் இருந்தேன். முன்பு எக்ஸ்ரே ஃபிலிம் கழுவும் இருட்டறையாக இருந்த இடத்தைத்தான் சர்வர் அறையாக மாற்றியிருந்தார்கள். வாசலுக்கு மேலே அந்தக் காலத்துச் சிவப்பு பல்பு அப்படியே இருந்தது. எவனோ ஏசி லைனோடு அதையும் சேர்த்துவிட்டதால் எந்நேரமும் எரியும். வெளியே பெஞ்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் உள்ளே ஆபரேஷன் நடக்கிறதென்று நினைத்துக்கொள்வார்கள். சார் கதவைத் திறந்தால் எழுந்து நிற்பார்கள். "எப்புடி இருக்காக சார்?" என்று ஒரு அம்மா ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சார் கொஞ்சம்கூட யோசிக்காமல், "நல்லா இருக்காக, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற ஆளே இல்லை அவர்.

அந்த சர்வர் யூனிக்ஸ். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான் ஓடும். ஸ்கேன் படங்கள் சேரச் சேர இடம் பற்றாமல் போகும், அப்போதெல்லாம் புது டிஸ்க் வரும். புது டிஸ்க்கை மாட்டினால் மட்டும் போதாது. அதற்கு லேபிள் எழுத வேண்டும். ஒட்டுகிற லேபிள் இல்லை. நீ இவ்வளவு பெரியவன், உனக்குள் இந்த அறை இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று டிஸ்க்கின் ஆரம்பத்திலேயே எழுதிவைப்பது. அதற்குப் பிறகு ஓர் அறையில் நோயாளி விவரம், ஓர் அறையில் ஸ்கேன் படம், ஓர் அறையில் லேப் ரிசல்ட் என்று பிரித்து வைக்கலாம். ஒன்று நிரம்பினாலும் மற்றதற்கு ஆபத்தில்லை. இதையெல்லாம் சார் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் வேலை செய்யும்போது முணுமுணுப்பார், கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது.

கொஞ்ச நேர வேலைதான் அது. கடைசியில் மிஷின், லேபிள் எழுதட்டுமா என்று கேட்கும். ஆமாம் என்பதற்கு ஒரே ஒரு எழுத்தைத் தட்ட வேண்டும். ஏற்கெனவே விவரம் இருக்கிற டிஸ்க்கில் தெரியாமல் அந்த எழுத்தைத் தட்டிவிட்டால் முடிந்தது கதை. உள்ளே எது எங்கே இருக்கிறதென்று மிஷினுக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்த வேலைக்கு சார் அரை நாள் எடுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. முடிந்ததும் சர்வரை நிறுத்துவார். விவரம் இருக்கிற டிஸ்க்குகள் ஒவ்வொன்றையும் கழற்றுவார். பழைய பனியன் துணியில் சுற்றுவார். அறைக்குள் எங்கேயாவது வைக்கலாம் அல்லவா? வைக்க மாட்டார். என் கவுன்டருக்குத் தூக்கிக்கொண்டு வந்து, டிராயரில் வைத்துப் பூட்டச் சொல்வார். சாவி என்னிடம்தான் இருக்க வேண்டும். பிறகு உள்ளே போய், சிடியிலிருந்து மிஷினைக் கிளப்பி, புது டிஸ்க் ஒன்றை மட்டும் மாட்டி லேபிள் எழுதுவார். அங்கே தப்பு செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் முடியாது, கெடுப்பதற்கு வேறு டிஸ்க்கே இருக்காது.

பெரிய டாக்டருக்கு இது பிடிக்காது. "ஊர்ல எல்லாரும் ஓடுற மிஷின்லயே பண்றான். ஒமக்கு மட்டும் என்னய்யா?" என்பார். சார் பதில் சொல்ல மாட்டார். கவுன்டர் பெண்களான எங்களிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

"கைய நம்பக் கூடாதும்மா. தூங்கி எந்திரிச்ச கையா, சண்ட போட்டுட்டு வந்த கையான்னு மிஷினுக்குத் தெரியாது. தொடக் கூடாதது எதுவோ அதக் கழட்டி ரூமுக்கு வெளிய வச்சுரணும். அம்புட்டுத்தான்."

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றில் தெரிந்தது. சார் அறந்தாங்கிப் பக்கம். அங்கே கல்ஃபுக்கு ஆள் போகாத வீடு கொஞ்சம். இவரும் போனவர்தான். தொழிலாளர் முகாம் நடத்திய ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்தார். மிஷின் டிஸ்க்குகளுக்கு வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே பெயர் வைக்கும். இவர் இரண்டாவது இடத்தில் புது டிஸ்க்கை மாட்டிவிட்டு மிஷினைக் கிளப்பினார். அந்த நேரம் பார்த்து முதல் டிஸ்க் செத்துப்போயிருந்தது. வரிசையில் முன்னால் நின்றவர் விலகினால் பின்னால் இருப்பவர் நகர்வார் இல்லையா, அப்படி எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிட்டது. புதியது ஒன்றாவதாகவும், விவரமெல்லாம் இருந்த மூன்றாவது இரண்டாவதாகவும் ஆகிவிட்டன. இவர் இரண்டுக்கு லேபிள் எழுதினார்.

"ஊருக்குப் போறவுக பேப்பரெல்லாம் அதுலதான் இருந்துச்சு. திரும்பப் போட்டு எடுக்கிற வரைக்கும் ஒருத்தரையும் விடல. நெஞ்சு வலி வந்த ஆளு ஒருத்தரு, ஊர்ல போயி வைத்தியம் பாக்கலாம்னு டிக்கெட் போட்டு வச்சிருந்தாரு." சார் மோரை ஊற்றிப் பிசைந்தார். "திருச்சி ஏர்போர்ட்டுக்குப் பெட்டியிலதாம்மா வந்து சேந்தாரு."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்.

மனைவி இறந்த பிறகு சார் புதுக்கோட்டையிலேயே வீடு பிடித்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவரும் மகளும் மட்டும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா வரும்வரை என் கவுன்டர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வருகிறவர்கள் எல்லோருடைய நோயையும் விசாரிப்பாள். வாய் ஓயாத பிள்ளை. எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஒரு பொங்கலுக்கு முன்பு அவள் ஒரு சாக்குப் பையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, இது ரெண்டு நாளைக்கு இங்கிட்டு இருக்கட்டும். பெரியப்பாக வாராக."

உள்ளே அரிவாள், அரிவாள்மனை, தேங்காய் உரிக்கிற கம்பி.

"ஏன்டி, தேங்காய எதுல உரிப்பீக?"

"கடையில உரிச்சதா வாங்கிக்கிருவோம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கும் அன்று அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சாருக்கு இரண்டு அண்ணன்கள். ஊரில் நிலம், தோப்பு, ஆள் அம்பு. குடித்துவிட்டால் வரப்புத் தகராறு வீட்டுக்குள் வந்துவிடுமாம். அண்ணன் தம்பியை எதுவும் சொல்ல முடியாது, அதனால் சார் அரிவாளை அனுப்பிவிடுவார். மகளையும் சில நேரம் பையோடு சேர்த்து அனுப்புவார்.

இந்தப் பழக்கத்தில் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கழற்றுவதில் இருக்கிற வேகம் திரும்ப மாட்டுவதில் சாருக்கு இருக்காது. பழைய ஸ்கேன் படங்கள் இருந்த டிஸ்க் ஒன்றை, புதியது நிலைக்கட்டும் என்று சொல்லி என் டிராயரிலேயே விட்டுவைத்தார். நான் ஞாபகப்படுத்தும்போதெல்லாம் அடுத்த வாரம் என்றார். வருஷம் திரும்பி, யாரோ ஒரு நோயாளியின் பழைய படம் தேவைப்பட்டபோது மாட்டினால் அது சுற்றவே இல்லை. ரொம்ப நாள் சும்மா கிடந்தால் அப்படி இறுகிவிடுமாம். சார் அதைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

சாரின் மகள் லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டிய பையன் மீமிசல் பக்கம், கடலுக்குப் போகிற குடும்பம். தங்கமான பையன். இரண்டு பேருக்கும் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், சாருக்கும் தெரிந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை இருவரும் வேலைக்கு வரவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் சாரின் மூத்த அண்ணன், பெரியவர், காரில் வந்து இறங்கினார். பின்னால் சின்ன அண்ணன், இன்னும் நாலைந்து பேர். ஆம்புலன்ஸ் ஷெட்டில் இருந்த இன்னொரு டிரைவரின் சட்டையைப் பிடித்து, எங்கே போனார்கள் என்று கேட்டு அடித்தார்கள். பெரிய டாக்டர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சிவப்பு பல்புக்குக் கீழே கதவு திறந்து சார் வெளியே வந்தார்.

"அண்ணே, யாரத் தேடுறீக? அவ செத்துட்டா. போஸ்டருக்குச் சொல்லிட்டு வந்துட்டேன்."

பெரியவர் சட்டையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி மதில் வரை போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி என்று மேலே கொட்டை எழுத்து. நடுவில் அவள் படம், எங்கள் ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்கு எடுத்தது. கீழே, வருந்தும் தந்தை என்று சாரின் பெயர். இந்தப் பக்கத்தில் இப்படி ஒட்டுவது புதிதில்லை. எத்தனையோ பெண்களுக்கு ஒட்டியிருக்கிறார்கள், நானே கடந்து போயிருக்கிறேன். இது தெரிந்த பிள்ளையின் முகம். கவுன்டர் ஜன்னலுக்கு வெளியே ஒட்டியிருந்ததைக் கிழித்தேன். பசை விடவில்லை, பாதி முகம்தான் வந்தது.

சார் மொட்டை போட்டுக்கொண்டார். ஊரில் போய் முறைப்படி கருமாதி செய்தார். ஆடு அடித்துச் சோறு போட்டார். அண்ணன்மார் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

அந்த வாரமே தெரியாத நம்பரிலிருந்து எனக்கு போன் வந்தது. அவள்தான்.

"அக்கா, யாரோ போன்ல அனுப்பிச்சாக, போஸ்டரப் பாத்தேன். அது அப்பா ஒட்டுனதா, பெரியப்பாக ஒட்டுனதா?"

"ஒங்கப்பாதான்டி. மொட்டையும் போட்டாச்சு" என்றேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம்.

"சரிக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாங்கள் நாலு பெண்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினோம். அவர் வருவார், சிவப்பு பல்பு அறைக்குள் போவார், வெளியே வருவார். மொட்டைத் தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது டிஸ்க் வந்தது. சார் வழக்கம்போலக் கழற்றியதையெல்லாம் பனியன் துணியில் சுற்றிக்கொண்டு என் கவுன்டருக்கு வந்தார். நான் டிராயரைத் திறக்கவில்லை.

"பெத்த புள்ளைக்கு உசுரோட கருமாதி பண்ணுன கையால எங்கிட்ட எதையும் குடுக்காதீங்க சார்."

அவர் போகவில்லை. டிஸ்க்குகளை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றார். ஹாலில் வேறு யாருமில்லை.

"அன்னைக்கு மூத்தவரு கார் டிக்கி தெறந்துருந்துச்சும்மா. உள்ள என்ன கெடந்துச்சுன்னு நான் பாத்தேன்" என்றார். "எங்க போயிருந்தாலும் தேடிருப்பாக. இன்னைக்கு இல்லாட்டி அடுத்த வருசம். நான் அழுது, கால்ல விழுந்து, வேணாம்னு சொன்னா கேப்பாகளா?"

அவரே தொடர்ந்தார்.

"செத்தவள எவன் வெட்டுவான்? கருமாதிச் சோறு தின்னுபுட்டு மறுபடி அவளத் தேடிப் போனா ஊரு சிரிக்கும். மானம்னுதானே கெளம்புறாக, அந்த மானத்த வச்சே கட்டிப் போட்டேன்." துணிச் சுருளைக் கவுன்டர்மேல் வைத்தார். "அவுக கைய மட்டும் சொல்லல. அன்னைக்கு எனக்கும் கோவம்தான். என் கையவும் நான் நம்பல."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. ஆனால் டிராயரைத் திறந்தேன்.

"புள்ளகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. நீங்களும் சொல்லக் கூடாது. சொன்னா அழும். அழுதா எனக்கு போன் போடும். போன் போட்டா ஒரு நாளைக்கு வீட்டு வாசல்ல வந்து நிக்கும். வந்து நின்னா செத்தவ எப்புடி வந்தான்னு இவுக கெளம்பிருவாக. அது என்னைய வெறுத்துக்கிட்டே இருக்கட்டும். இருக்கட்டும்மா, உசுரோட இருக்கட்டும்."

நான் சொல்லவில்லை. அவள் எப்போதாவது போன் செய்வாள். அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். மாமியார் நல்லவள் என்றாள். ஆண் பிள்ளை பிறந்தது என்றாள், படம் அனுப்பினாள். நான் போனை எடுத்துக்கொண்டு சர்வர் அறைக்கு ஓடினேன். படத்தைத் திறந்து நீட்டினால், சார் அதை வாங்கித் திரையை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"பேரனைப் பாருங்க சார்."

"பாத்தா மொகத்துல தெரிஞ்சுரும்மா. சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. "எப்பத்தான் கூப்புடுவீங்க? காலம் பூரா இப்புடியேவா?"

"மூத்தவரு போகட்டும். சின்னவரு அவரு சொன்னாத்தான் எந்திரிப்பாரு. மூத்தவரு போனா மறுநாளே நான் போயி கூட்டியாந்துருவேன்."

பெரியவருக்கு அப்போது சிறுநீரகம் போய், எங்கள் ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. சார்தான் ஊருக்கு கார் அனுப்பி வரவழைப்பார். கைத்தாங்கலாக இறக்கி, கட்டிலில் படுக்கவைத்து, குளிருமே என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சு பேசுவார். பிறகு என் கவுன்டருக்கு வந்து, "டாக்டர் என்ன சொல்றாரும்மா, எத்தன நாளு ஓடுமாம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை அண்ணன் பிழைக்க வேண்டுமென்றும் கேட்டிருக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "நல்லாத்தான் இருக்காக" என்பேன். அது உண்மையும்கூட. பெரியவர் டயாலிசிஸில் தேறி, நடக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்.

போனது சார்தான். மத்தியானம் சாப்பிட வரவில்லையே என்று கூப்பிடப் போன நர்ஸ், அவரை நாற்காலியில் சாய்ந்த வாக்கில் பார்த்திருக்கிறாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் ஸ்ட்ரெச்சர் போவதைப் பார்த்து எழுந்து நின்றார்கள்.

அண்ணன்மார் உடலை ஊருக்குக் கொண்டுபோனார்கள். நானும் மறுநாள் காலையில் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சின்னவரும் அவர் மகன்களும் வாசலில். கொள்ளி வைப்பது சின்னவரின் மூத்த மகன் என்று பேசி முடித்திருந்தார்கள்.

நான் தெருக்கோடிக்கு நடந்துபோய், ஒரு வேப்பமரத்தடியில் நின்று அவளுக்கு போன் செய்தேன். அப்பா போய்விட்டார் என்று சொன்னேன். சாரே போன பிறகு இனி எதற்கு மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். போஸ்டர் ஏன், மொட்டை ஏன், கருமாதி ஏன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. பின்னால் அவள் பிள்ளை ஏதோ கேட்டு அடம்பிடிக்கும் சத்தம் கேட்டது.

நான் சொல்லி முடித்ததும், "எனக்கு மட்டுமாவது சொல்லிருக்கலாம்லக்கா" என்றாள். "நான் வாயத் தொறந்துருக்க மாட்டேன்."

அப்புறம் அவளே கேட்டாள்.

"இப்ப வரலாமாக்கா? பஸ் ஏறுனா சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். எடுக்காம வச்சிருக்கச் சொல்லுங்க."

நான் பந்தலைத் திரும்பிப் பார்த்தேன். பெரியவர் எழுந்து நின்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். குரல் தெருக்கோடி வரை கேட்டது. திடமான குரல். சாரை எத்தனை முறை நான் மனசுக்குள் திட்டியிருக்கிறேன், கோழை, கல்நெஞ்சு என்று. என் முறை வந்தபோது எனக்கும் அவர் சொன்னதே வாயில் வந்தது.

"வராத" என்றேன். "புள்ளையப் பாத்துக்க. வராத."

அவள் அழுது முடிக்கும்வரை நின்றேன். "மொகமாச்சும் காட்டுங்கக்கா" என்றாள். பெரியவர் தலைமாட்டில் இருக்கும்போது போனைத் தூக்கிப் பிடிக்க முடியாது. லைனை வைக்காதே, நான் பக்கத்தில் போய் நிற்கிறேன், சத்தமாவது கேள் என்று சொல்லி, போனைக் கைக்குட்டைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். பெட்டியின் ஓரத்தில் பெண்களோடு உட்கார்ந்தேன். சாரின் முகத்தில் மூன்று நாள் தாடி. யாரோ நெற்றியில் ஒரு ரூபாய் வைத்திருந்தார்கள்.

இலுப்பூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா மாலை போட்டுவிட்டு உட்கார்ந்தார். ரொம்ப நாளாகத் தொடர்பு விட்டுப்போன சொந்தம்போல. பெரியவரின் மனைவியைப் பார்த்து, "இவுகளுக்குப் புள்ள குட்டி?" என்று கேட்டார்.

"ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு ஆத்தா. தங்கமான புள்ள, பெரியம்மா பெரியம்மான்னு காலச் சுத்தும். அதும் செத்துப்போச்சு" என்றவர், வாயைப் பொத்திக்கொண்டு உடைந்து அழுதார். நடிப்பில்லை. உடம்பெல்லாம் குலுங்க அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

நான் எழுந்து வெளியே வந்து போனைக் காதில் வைத்தேன். லைன் இருந்தது.

"அழுகுறது பெரியம்மாவாக்கா?"

"ஆமா."

"அப்பாவுக்கா, எனக்கா?"

"ஒனக்குத்தான்டி" என்றேன்.